மூடாமல் விட்ட பழைய வாய்க்கால்
காலில் வரும் ஓர் அரிய நாடிக் குறைபாடும் அதன் விளைவுகளும்

தோட்டம் செய்த எவருக்கும் தண்ணீர் மாறுதல் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் தலைவாய்க்காலில் ஓடி, கிளை வாய்க்கால்களில் பிரிந்து, கடைசிப் பாத்திவரை போய்ச் சேரவேண்டும். நடுவில் மண்கட்டி விழுந்து அடைத்துவிட்டால் கடைசிப் பாத்தியில் நிற்கும் வெங்காயம்தான் முதலில் வாடும். அடைப்பு ஓரிடத்தில் இருக்கும். வாட்டம் வேறோரிடத்தில் தெரியும். அனுபவமுள்ள கமக்காரர் வாடிய பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். வாய்க்கால் வழியே மேலே நடந்துபோய்ப் பார்ப்பார்.

எமது கால்களிலும் இப்படியே வாய்க்கால்கள் உண்டு. இதயம் இறைக்கும் இரத்தத்தை விரல் நுனிவரை கொண்டுசெல்லும் அந்தக் குழாய்களையே நாடிகள் என்கிறோம். இந்த நாடிகளில் பிறப்பிலேயே ஏற்படும் ஓர் அரிய குறைபாட்டைப் பற்றி இக்கட்டுரையில் பார்ப்போம். அரிய நோயைப் பற்றி எமக்கு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். காலை இழப்பதற்கு முன்னர் உடம்பு தரும் எச்சரிக்கைகள் அரிய நோயிலும் சாதாரண நோயிலும் பெரும்பாலும் ஒன்றேயாகும். இதைத் தெரிந்துகொண்டவர் மற்றதையும் தெரிந்துகொள்வார்.

ஒருவரை மனதில் எண்ணிக்கொள்வோம்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல இடங்கள் மாறி, இன்று குருநகரில் கடற்கரையோரமாகக் குடியிருக்கும் ஒரு கமக்காரரை மனதில் எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டாம். அவர் எங்களில் எவராகவும் இருக்கலாம். செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். இப்போது நிலத்தில் குந்தியிருந்து அயலவரின் கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுக்கிறார். வயது 50ஐத் தாண்டிவிட்டது.

சில மாதங்களாக அவருக்கு ஒரு பக்கப் பிட்டத்தில் நோவு. நெடுநேரம் இருந்தால் நோவு கூடுகிறது. சில வேளைகளில் தொடையின் பின்பக்கமாகக் கீழே இழுக்கிறது. சந்தைவரை நடந்தால் கெண்டைக்கால் இறுகிக்கொள்கிறது. சற்று நின்றால் சுகமாகிறது.

"உது வாதம் அண்ணை. எண்ணெய் போட்டு நல்லா உரோஞ்சி விடுங்கோ, சரியாப் போயிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக் கடற்றொழிலாளி.

அண்ணையும் அப்படியே செய்கிறார். மனைவி உரோஞ்சும்போது, "இஞ்சை உள்ளுக்கை ஒரு கட்டி மாதிரிக் கிடக்குதப்பா, துடிக்குது" என்கிறா. அதை இருவரும் பெரிதாக எடுக்கவில்லை. ஒருநாள் விடியற்புறம் கால் குளிர்ந்து, வெளிறி, தாங்கமுடியாத நோவுடன் அவர் எழும்புகிறார். பெருவிரல் நீலம் பாரித்திருக்கிறது.

இது நாம் கற்பனை செய்த ஒருவரின் கதை. ஆனால் மருத்துவ நூல்களில் இக்குறைபாட்டைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் நோயாளர்கள் பலருடைய கதை இந்த வழியிலேயே போயிருக்கிறது.

தாயின் வயிற்றில் வெட்டப்படும் முதல் வாய்க்கால்

தாயின் வயிற்றில் குழந்தையின் கால் ஒரு சிறு மொட்டாக அரும்பும்போது அதற்கு இரத்தம் கொண்டுவருவது ஒரு நாடி. அது இடுப்புக்கூட்டின் உள்ளிருந்து புறப்பட்டு, பிட்டத்தின் வழியாக வெளியே வந்து, தொடையின் பின்பக்கமாகக் கீழிறங்குகிறது. மருத்துவர் இதைச் சயாற்றிக் நாடி என்பர். சயாற்றிக் நரம்பு என்ற பெரிய நரம்பை ஒட்டி ஓடுவதால் அந்தப் பெயர் வந்தது.

கரு வளர வளர, தொடையின் முன்பக்கத்தில் வேறொரு நாடி உருவாகிறது. இது தொடை நாடி. ஏறத்தாழ மூன்றாம் மாதமளவில் தொடை நாடியே காலுக்குத் தலைவாய்க்காலாகிவிடும். பின்பக்கத்து முதல் நாடி சுருங்கி மறைந்துவிடும். அதன் சில துண்டுகள் மாத்திரம் பிட்டத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் வேறு நாடிகளின் பகுதிகளாக எஞ்சி நிற்கும்.

மிகச் சிலரில் இந்த மாற்றம் நடப்பதில்லை. புது வாய்க்கால் வெட்டியும் பழைய வாய்க்கால் மூடப்படாமல் விட்டதுபோல, முதல் நாடி அப்படியே இருந்துவிடுகிறது. சிலரில் முன்பக்கத் தொடை நாடி மெலிந்து, நடுத்தொடையுடன் முடிந்துவிடும். அவர்களுடைய காலின் கீழ்ப்பகுதி முழுவதும் அந்தப் பழைய நாடியை நம்பியே வாழும். வேறு சிலரில் இரண்டு நாடிகளும் இருக்கும். பழையது அரைகுறையாக நிற்கும். அவர்களுக்கு ஆபத்துக் குறைவு.

இதைத் தாய் செய்த பிழையென்றோ, கிரகணத்தில் வந்த குறையென்றோ எவரும் எண்ணவேண்டாம். கரு வளரும்போது தானாக நேர்வது இது.

எத்தனை பேருக்கு இருக்கும்?

1832 இல் பி. எச். கிறீன் என்பவர் இந்த நாடியைப் பற்றி லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செற்' மருத்துவ இதழில் எழுதினார். இதைப் பற்றி வெளிவந்த முதல் விபரம் அதுவே என்பர். (1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வேறொருவர்.) 1864 இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹில்ரன் ஃபாக், இப்படிப்பட்ட நாடி வீங்கியிருந்த ஒருவரைப் பற்றி எழுதினார்.

நாடிகளுக்கு மருந்து செலுத்திப் படமெடுத்த நோயாளரை வைத்துப் பார்த்த கணக்கின்படி, ஓர் இலட்சம் பேரில் 25 முதல் 40 பேருக்கு இக்குறைபாடு இருக்கலாம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்போது ஏறத்தாழ 5 இலட்சத்து 84 ஆயிரம் பேர் இருந்தனர். அதே கணக்கு இங்கும் பொருந்துமானால், 150 பேரளவில் தொடங்கி 230 பேர்வரை இந்த நாடியுடன் நடமாடுகிறார்கள் என்று ஆகும். அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு வரை இரண்டு கால்களிலும் அது இருக்கக்கூடும். பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு தொல்லையும் வராது. தொல்லை வருபவர்களுக்கு அது பெரும்பாலும் 40 வயதைத் தாண்டிய பின்னரே தலைகாட்டுகிறது.

தொல்லை எப்படி வருகிறது?

தொடை நாடி தசைகளின் நடுவே பாதுகாப்பாக ஓடுகிறது. சயாற்றிக் நாடியோ பிட்டத்தில், எலும்புக்கும் நாம் இருக்கும் பலகைக்கும் இடையில் அகப்படும் இடத்தில் ஓடுகிறது. இருக்கும்போதெல்லாம் அது நசிகிறது. அதன் சுவரும் பிறப்பிலேயே சற்றுப் பலவீனமானது என்று கருதப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் நசிந்த சுவர் ஓரிடத்தில் இளகி, பலூன்போல் ஊதிவிடுகிறது. இதுவே நாடி வீக்கம். நோயென்று வந்து மருத்துவ இதழ்களில் பதிவானவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இந்த வீக்கம் காணப்பட்டிருக்கிறது.

வீக்கத்தால் மூன்று கெடுதிகள் வரலாம்.

முதலாவது, வீங்கிய நாடி பக்கத்திலுள்ள நரம்பை அமுக்கும். அப்போது பிட்டத்திலிருந்து கால்வரை இழுக்கும் நோவும் விறைப்பும் வரும். இதனையே நாம் வாதம் என்றும் நாரிப்பிடிப்பு என்றும் எண்ணிவிடுகிறோம்.

இரண்டாவது, வீங்கிய இடத்தில் இரத்தம் சுழன்று தேங்கி உறையும். உறைந்த கட்டியின் துண்டுகள் கழன்று கீழே ஓடி, பாதத்தின் சிறு நாடிகளை அடைக்கும். விரல்கள் நீலமாகிப் பின் கறுக்கும். சில வேளைகளில் வீங்கிய நாடியே முழுதாக அடைபட்டுப் போகும். காலுக்கு வேறு வாய்க்கால் இல்லாதவருக்கு அது காலையே பறிக்கும் ஆபத்தாகும்.

மூன்றாவது, மிக அரிதாக, வீக்கம் வெடித்து உள்ளே இரத்தம் பெருகலாம்.

கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் பரியாரியார்மார் கைநாடி பிடித்துப் பார்ப்பர். காலிலும் நாடி பார்க்கும் இடங்கள் உண்டு. தொடையிடுக்கில் ஓரிடம், முழங்காலுக்குப் பின்னால் ஓரிடம், உட்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் ஓரிடம், மேற்பாதத்தில் ஓரிடம். தலைவாய்க்காலில் நீர் இல்லாவிட்டால் கிளையிலும் நீர் இராது என்பது பொதுவிதி. ஆனால் இந்த நாடி உள்ள சிலரில் தொடையிடுக்கில் துடிப்புத் தெரியாது, முழங்காலுக்குப் பின்னால் மாத்திரம் துடிப்புத் தெரியும். தண்ணீர் வேறு வழியால் வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 1960 இல் கௌவி என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் எழுதிய கட்டுரையை ஒட்டி, இது கௌவியின் அடையாளம் என்று அழைக்கப்படுகிறது. எல்லோரிலும் இது தெரிவதில்லை. தெரிந்தால் வைத்தியருக்கு அது பெரிய உதவி.

அதன்பின் டொப்ளர் ஸ்கான் மூலமும், நாடிக்கு மருந்து செலுத்தி எடுக்கும் சி.ரி. ஸ்கான் மூலமும் நாடியின் பாதையைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆகவே கால்நோவுக்குக் கிளினிக் போகும்போது, "நோகுது டொக்டர்" என்று மாத்திரம் சொல்லிவிட்டு வரவேண்டாம். இருக்கும்போது நோவு கூடுகிறதா, நடக்கும்போது கூடுகிறதா, எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, நின்றால் குறைகிறதா, பிட்டத்தில் துடிக்கும் கட்டி உண்டா என்பவற்றைச் சொல்லுங்கள். பிட்டத்தைக் காட்ட வெட்கப்பட்டு மறைப்பவர்கள் எம்மிடையே பலர். பெண்கள் தாதியைக் கூடவே நிற்கும்படி கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் நாமே பார்க்கக்கூடியது

இரவு படுக்கப் போகுமுன் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருக்கிறதா? நிறம் வேறுபடுகிறதா? பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட பள்ளத்திலிருந்து மேற்பாதத்தை நோக்கி மூன்று விரல்களை மெல்ல வைத்துத் துடிப்பைத் தேடுங்கள். பெருவிரலால் பார்க்க வேண்டாம், உங்கள் கையின் துடிப்பே தெரியும். சுகமாக உள்ள சிலருக்கும் மேற்பாதத்தில் துடிப்புத் தெரியாமல் இருப்பதுண்டு. அதனால் பயப்பட வேண்டாம். அப்போது உட்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் பாருங்கள். இரண்டு கால்களையும் ஒப்பிடுவதே முக்கியம்.

நீரிழிவு உள்ளவர்களும் சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்களும் இதைத் தவறாமல் செய்யவேண்டும். சயாற்றிக் நாடி ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கே இருக்கும். ஆனால் புகையினாலும் நீரிழிவினாலும் கால் நாடிகள் அடைபடுவது ஊரெங்கும் காணப்படும் நோய். புகையிலை எங்கள் மண்ணின் பணப்பயிர். அது பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது உண்மை. அதே புகையிலை புகையாக உள்ளே போகும்போது கால் நாடிகளைச் சுருக்கி அடைக்கிறது என்பதும் உண்மை.

கால் திடீரெனக் குளிர்ந்தால்

கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறி, கடும் நோவெடுத்து, விறைத்து, விரலை அசைக்கமுடியாமற் போனால் அது விடியும்வரை பொறுத்திருக்கக்கூடிய நோயல்ல. இரத்தம் முற்றாகத் தடைபட்ட காலின் தசைகள் ஏறத்தாழ 6 மணித்தியாலத்துக்குள் மீளமுடியாதபடி பழுதாகத் தொடங்கும். இந்த நேரக் கணக்கு எந்தக் காரணத்தால் நாடி அடைபட்டாலும் ஒன்றுதான்.

அப்போது செய்யக்கூடாதவை:
- எண்ணெய் போட்டு உரோஞ்சக்கூடாது. கட்டி மேலும் கழன்று ஓடலாம்.
- சுடுநீர்ப் போத்தல், சூட்டு ஒத்தடம் கூடாது. விறைத்த காலுக்குச் சுடுவது தெரியாது, தோல் வெந்துவிடும்.
- காலைத் தலையணை வைத்து உயர்த்தக்கூடாது.
- இறுகக் கட்டக்கூடாது.

செய்யவேண்டியவை:
- காலைச் சற்றுத் தாழ்வாக, மெல்லிய துணியால் மூடி வையுங்கள்.
- நோவு தொடங்கிய நேரத்தை ஒரு துண்டில் எழுதுங்கள். வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளில் அது ஒன்று.
- உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள்.

குருநகரில் இருப்பவருக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலுடன் அவரை நடக்கவிட வேண்டாம், வாகனத்தில் ஏற்றுங்கள். தூரத்தில் குடியிருப்பவர்கள் 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து 'சுவசெரிய' அம்புலன்சை அழைக்கலாம். 2018 முதல் இந்த இலவச சேவை வடக்கிலும் நடக்கிறது. 1990 என்பது எங்களில் பலருக்கு வீடும் தோட்டமும் விட்டு வெளிக்கிட்ட ஆண்டு. அதை மறக்கமாட்டோம். அந்த இலக்கத்தை இந்தத் தேவைக்காகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சிகிச்சை உண்டா?

உண்டு. தொல்லை தராத நாடியை வெட்டவேண்டியதில்லை. வீக்கம் வருகிறதா என்று காலத்துக்குக் காலம் ஸ்கான் செய்து பார்த்துக்கொண்டால் போதும். வீக்கம் இருந்தால், அதை இரத்த ஓட்டத்திலிருந்து விலக்கிவிட்டு, தொடையிடுக்கிலிருந்து முழங்காலுக்குக் கீழே போகப் புதுப்பாதை போடுவர். இதற்குப் பெரும்பாலும் நோயாளியின் காலிலிருந்தே ஒரு நாளத்தை எடுத்துப் பயன்படுத்துவர். உடைந்த வாய்க்காலை மண்போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டுவது போன்றது இது. இன்று சிலருக்குப் பெரிய வெட்டுக் காயமின்றி, நாடியின் உள்ளேயே உறைபோட்ட சிறு குழாயைச் செலுத்தி வீக்கத்தை அடைத்துவிடவும் முடிகிறது. எது பொருந்தும் என்பதை நாடிச் சத்திரசிகிச்சை நிபுணரே தீர்மானிப்பார். அதற்காக வேறு வைத்தியசாலைக்கு அனுப்பவும் கூடும். தயங்காமல் போகவேண்டும்.

இந்த நாடி தமக்கு உண்டென்று அறிந்தவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பிட்டத்தில் ஊசி போடுமுன்னும், இடுப்பு மூட்டில் சத்திரசிகிச்சை செய்யுமுன்னும், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு முன்னும் அதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். மாற்றுச் சிறுநீரகத்தை இணைக்கச் சில வேளைகளில் இடுப்பின் உள்நாடியைப் பயன்படுத்துவர். இவர்களுக்கோ கால் முழுவதற்கும் இரத்தம் போவது அந்த நாடி வழியாகவே. தெரியாமல் அதை மறித்தால் காலுக்கு ஆபத்து.

துண்டைப் பத்திரப்படுத்துங்கள்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது குருநகர் மக்களும் ஏனையோரும் கையில் எடுத்தது என்ன? அடையாள அட்டை, உறுதி, கொஞ்ச நகை, பிள்ளைகளின் உடுப்பு. கிளினிக் கொப்பியை எடுத்தவர்கள் எத்தனை பேர்? இடம்பெயர்ந்தவரின் நோய் வரலாறு வழியில் தொலைந்துவிடுகிறது. புதிய ஊரில் புதிய வைத்தியருக்கு எல்லாம் முதலிலிருந்தே தொடங்குகிறது. பிறப்பிலேயே உடம்பில் ஒரு வேறுபாடு உள்ளவருக்கு இது சிறிய இழப்பல்ல. கிளினிக் கொப்பி, ஸ்கான் அறிக்கை, வைத்தியசாலை விட்டு வரும்போது தரும் துண்டு ஆகியவற்றைக் காணி உறுதியுடன் ஒரே பையில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து, வேறு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

கால் போனாலும் வாழ்க்கை போவதில்லை என்பதை எமது மண் நன்கு அறியும். யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் எத்தனையோ பேருக்குச் செயற்கைக் கால் கொடுத்து எழுந்து நடக்கவைத்திருக்கிறது. மிதிவெடியும் எறிகணையும் பறித்த கால்களைக் காப்பாற்ற எமக்கு வழியிருக்கவில்லை. ஆனால் நாடி அடைத்துப் போகும் கால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகிறது. குளிர்கிறது, நிறம் மாறுகிறது, துடிப்புக் குறைகிறது. அதைக் கேட்க ஒரு நிமிடம் போதும்.

இன்றிரவே தொடங்குங்கள். வீட்டில் வயது போனவர்களின் கால்களைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பாதம் குளிர்ந்திருந்தாலோ, பிட்டத்தில் துடிக்கும் கட்டி இருந்தாலோ, எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் கிளினிக் கொப்பியைத் தேடுங்கள்.